எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரிக்கு மாஸ்ஃபெட் சுவிட்ச்: நாமே செய்வது எப்படி?

எலக்ட்ரிக் சைக்கிளின் பேட்டரியை, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரோடு இணைக்கும்போது ‘பட்’டென்று ஒரு பொறி கிளம்புமே, அதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நாலைந்து மாதம் கழித்து கனெக்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். பளபளப்பான முலாம் போய், பின்னின் நுனி அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக, கறுத்துக் கிடக்கும்.

அதற்குப் பயந்துதான் நானும் முதலில் ஒரு ராக்கர் சுவிட்ச் வாங்கி மாட்டினேன். ‘250 வோல்ட், 16 ஆம்பியர்’ என்று அதன் முதுகில் அச்சடித்திருந்தது. நம்மிடம் இருப்பது 48 வோல்ட்தானே என்ற தைரியம். மூன்றாவது வாரம் சுவிட்சை அணைத்த பிறகும் டிஸ்பிளே எரிந்துகொண்டே இருந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே இரண்டு தகடும் வெல்டிங் வைத்தாற்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த 250 வோல்ட் வீட்டு மின்சாரமான ஏசிக்கு எழுதியது. ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அந்த இடைவெளியில் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரி தரும் டிசிக்கு அப்படி ஓய்வே கிடையாது. தகடு விலகினாலும் நெருப்பு பிடித்துத் தொங்கும். கார் ரிலேயும் இதே கதைதான்.

அதனால்தான் நகரும் தகடே இல்லாத டிரான்சிஸ்டர் சுவிட்ச், அதிலும் மாஸ்ஃபெட் என்ற வகை. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் பலரும் 20 ஆம்பியரைத் தாங்குமா என்பதை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். 20 ஆம்பியர் ஒரு விஷயமே இல்லை. சுவிட்சைப் போடும் முதல் அரை நொடிதான் மாஸ்ஃபெட்டைக் கொல்லும் நேரம்.

முதலில் உங்கள் பேட்டரியைப் பாருங்கள்

எல்லா எண்களையும் 13 செல் தொடராக உள்ள 48 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரிக்கும் 20 ஆம்பியர் கன்ட்ரோலருக்கும் வைத்துச் சொல்கிறேன். 48 என்பது பெயருக்குத்தான். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் வரை ஏறும், ஆக முழு சார்ஜில் 54.6 வோல்ட். செல்லுக்கு 3 வோல்ட் என்று வடிந்தால் 39. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எதிரில் ஒட்டி வையுங்கள். நம் சர்க்யூட் இரண்டு முனையிலும் சரியாக வேலை செய்ய வேண்டும்.

அடுத்து, பேட்டரிக்குள் செல்களைக் காவல் காக்கும் பிஎம்எஸ் போர்டிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் தனியாக வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். சில பிஎம்எஸ்ஸில் ஆன்-ஆஃப் சுவிட்சுக்கென்றே அவற்றை விட்டிருப்பார்கள். பிஎம்எஸ்ஸின் உள்ளேயே மாஸ்ஃபெட் வரிசை இருக்கிறது, அந்த வயர்களில் ஒரு குட்டிச் சுவிட்சைப் போட்டால் அதுவே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படி இருந்தால் நீங்கள் தனிச் சுவிட்ச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கீழே வரும் ப்ரீசார்ஜ் பகுதி, அதாவது கன்ட்ரோலரின் கெபாசிட்டரை முன்கூட்டியே மெதுவாக நிரப்பும் பகுதி, உங்களுக்கும் வேண்டும்.

எந்த டிரான்சிஸ்டர்?

பழைய இன்வெர்ட்டர், எலிமினேட்டர் வேலை பார்த்தவர்களுக்கு 2என்3055 என்ற டிரான்சிஸ்டர் மேல் ஒரு பாசம் இருக்கும். எனக்கும் உண்டு. ஆனால் அது 15 ஆம்பியர் சரக்கு, போதாததற்கு பேஸுக்கே ஆம்பியர் கணக்கில் ஊட்ட வேண்டும். விட்டுவிடலாம்.

மாஸ்ஃபெட்டில் இரண்டு ஜாதி. பி-சேனல் போட்டால் பிளஸ் வயரிலேயே வெட்டலாம், பார்க்க அழகான சர்க்யூட். ஆனால் கணக்கு அழகாக வராது. ஐஆர்எஃப் 4905 என்ற பி-சேனல் 55 வோல்ட்தான் தாங்கும், நம் பேட்டரி 54.6. ஐஆர்எஃப் 9540என் 100 வோல்ட் தாங்கும், ஆனால் ஆன் ஆகும்போது அதன் தடை 0.117 ஓம். 20 ஆம்பியரின் வர்க்கம் 400, அதை 0.117ஆல் பெருக்கினால் 47 வாட் வெப்பம். சால்டரிங் அயர்ன் ஒன்றை பேட்டரிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

எனவே என்-சேனல், மைனஸ் வயரில். இதற்கு மூன்று கால்கள்: மின்னோட்டம் டிரெயினில் நுழைந்து சோர்ஸில் வெளியேறும், கேட்டுக்குக் கொடுக்கும் வோல்டேஜ்தான் அந்த வழியைத் திறக்கும். நான் போடுவது ஐஆர்எஃப்பி 4110. 100 வோல்ட் தாங்கும், ஆன் தடை அதிகபட்சம் 4.5 மில்லிஓம். ஒன்றை மட்டும் போட்டால் 20 ஆம்பியரில் 1.8 வாட். குறைவாகத் தெரிகிறதா? ஹீட்சிங்க் இல்லாத இந்த டிஓ-220 உடம்பு ஒவ்வொரு வாட்டுக்கும் 62 டிகிரி சூடேறும். 112 டிகிரி ஏறி, நம்மூர் வெயில் 35ஐயும் சேர்த்தால் 147. சூடு ஏற ஏற ஆன் தடையும் ஏறும் என்பதால் உண்மையில் இன்னும் மோசம்.

இரண்டைப் பக்கவாட்டில் இணைத்துவிட்டால் ஆளுக்கு 10 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் போவதால் ஆளுக்கு 0.45 வாட்தான், 28 டிகிரிதான் ஏறும். ஒரு மாஸ்ஃபெட் விலையில் ஹீட்சிங்க் தொல்லையே தீர்ந்தது. இரண்டே போடுங்கள்.

போலிச் சரக்கு இதில் ஏராளம். ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்து வாங்கினேன், எழுத்தெல்லாம் அச்சு அசல். கேட்டில் 12 வோல்ட் கொடுத்து, 5 ஆம்பியர் ஓடவிட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். நல்ல 4110 என்றால் 20 மில்லிவோல்ட் அளவில் காட்ட வேண்டும். அது 70க்கு மேல் காட்டியது. பத்தும் குப்பைக்குப் போயின. மீட்டரின் முனைகளை மாஸ்ஃபெட்டின் கால் அடியிலேயே வைத்துப் பாருங்கள், வயரில் வைத்தால் வயரின் தடையும் சேர்ந்துவிடும்.

சுவிட்சைப் போடும் கணத்தில் என்ன நடக்கிறது?

கன்ட்ரோலரைத் திறந்தால், வயர் நுழையும் இடத்திலேயே 63 வோல்ட் என்று எழுதிய குண்டு கெபாசிட்டர்கள் ஒன்றிரண்டு நிற்கும். எல்லாம் சேர்த்து 1000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். காலியான கெபாசிட்டர் என்பது முதல் கணத்தில் வெறும் ஷார்ட். பேட்டரி, வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை என்றால், 54.6ஐ 0.1ஆல் வகுத்துப் பாருங்கள். 546 ஆம்பியர்! வயரின் இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் திடீரென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) கொஞ்சம் மட்டுப்படுத்தும், ஆனாலும் பல நூறு ஆம்பியர்தான். கனெக்டரில் பார்த்த பொறி இதுதான்.

இதற்குப் பலர் சொல்லும் வைத்தியம், கேட்டை மெதுவாக ஆன் செய்வது. கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டரைப் போட்டால் மாஸ்ஃபெட் நிதானமாகத் திறக்கும், மின்னோட்டம் மூன்று நான்கு ஆம்பியரில் அடங்கிவிடும். உண்மைதான். ஆனால் கெபாசிட்டரை நிரப்பும்போது அதே அளவு ஆற்றல் வழியில் எங்காவது சூடாகக் கரைந்தே தீரும். 1000 மைக்ரோஃபாரட்டுக்கு அது சுமார் ஒன்றரை ஜூல். அதை மிளகளவு சிலிக்கான் துண்டின் தலையில் 15 மில்லிநொடிக்குள் கட்டினால், தொடக்கத்தில் 200 வாட் அதன் மேல் விழும். 4110 போன்ற மாஸ்ஃபெட்டுகள் முழு ஆன், முழு ஆஃப் என்ற இரண்டுக்காகவே பிறந்தவை. பாதித் திறந்த நிலையில் சில்லின் ஒரு மூலை மட்டும் அதிகம் சூடாகி, அந்த மூலையே இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்து, அங்கேயே ஓட்டை விழும். சில நாள் ஓடும், ஒருநாள் போகும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

நான் செய்வது மாட்டுவண்டி வைத்தியம். மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 100 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று, அதோடு தொடராக ஒரு புஷ் பட்டன். பட்டனை அழுத்தினால் கன்ட்ரோலரின் கெபாசிட்டர் அந்த ரெசிஸ்டர் வழியாக நிரம்பும், தொடக்கத்திலேயே அரை ஆம்பியர்தான். 100 ஓமும் 1000 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் 0.1 நொடி, அதில் ஐந்து மடங்கு அரை நொடியில் நிரம்பிவிடும். அந்த ஒன்றரை ஜூலை சிமென்ட் ரெசிஸ்டர் உணரக்கூட உணராது. பிறகு மாஸ்ஃபெட்டை ஆன் செய்தால் அதன் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ். பொறியும் இல்லை, அடியும் இல்லை.

பட்டனைப் போட மறந்து நேரே சுவிட்சைத் தட்டினால்? ஒருமுறை பிழைத்துக்கொள்ளும். அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கேட்டுக்கு எவ்வளவு வோல்டேஜ்?

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 வோல்ட்டுக்குக் குறைந்தால் மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்காது, 20ஐத் தாண்டினால் செத்துவிடும். பிளஸிலிருந்து 22 கிலோஓம், கேட் புள்ளியிலிருந்து சோர்ஸுக்கு 8.2 கிலோஓம் என்று பிரித்தால், முழு சார்ஜில் 14.8 வோல்ட், காலியாகும்போது 10.6 வோல்ட். இரண்டு முனையும் பாதுகாப்பான இடத்தில். மேலே ஒரு 15 வோல்ட் ஜீனர் டயோடு, திடீர் ஏற்றத்துக்குக் காவல். இதற்கு ஆகும் செலவு 1.8 மில்லிஆம்பியர். ஒருநாள் முழுக்க மறந்து ஆனில் விட்டாலும் 43 மில்லிஆம்பியர்-மணிதான்.

உங்களுடையது 10 செல் உள்ள 36 வோல்ட் பேட்டரி என்றால் 8.2க்குப் பதில் 12 கிலோஓம் போடுங்கள். 42 வோல்ட்டில் 14.8, 30 வோல்ட்டில் 10.6 என்று அதே எண்கள் வரும்.

தேவையான சாமான்கள்

ஐஆர்எஃப்பி 4110 இரண்டு. ரெசிஸ்டர்கள் 22 கிலோஓம், 8.2 கிலோஓம், 47 ஓம் இரண்டு, எல்லாம் கால் வாட். 100 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். 15 வோல்ட் ஜீனர். வோல்டேஜ் திடீரென்று எகிறாமல் பிடித்து வைக்கும் பி6கேஇ68ஏ என்ற டிவிஎஸ் டயோடு. சின்ன டாகிள் சுவிட்ச், சின்ன புஷ் பட்டன். 4 சதுர மில்லிமீட்டர் அல்லது 12 கேஜ் சிலிக்கான் வயர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு மணி நேர வேலை.

ஃபியூஸுக்கு மட்டும் கொஞ்சம் அலையுங்கள். காரில் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்குச் செய்தது. 54 வோல்ட்டில் உருகினாலும் உள்ளே நெருப்பு பிடித்து நிற்கக்கூடும். 58 வோல்ட் அல்லது அதற்கு மேல் டிசி என்று எழுதியதை, 30 ஆம்பியரில் வாங்குங்கள்.

கட்டும் முறை

பேட்டரி மேசைக்கு அருகிலேயே வேண்டாம். லித்தியம் பேட்டரியை அணைத்து வைக்க முடியாது, இரண்டு முனையும் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். மோதிரம், வாட்ச், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

1. எழுத்து தெரியும்படி 4110ஐ நிறுத்தினால் இடமிருந்து வலமாக கேட், டிரெயின், சோர்ஸ். முதுகுத் தகடும் டிரெயின்தான். அது அலுமினியப் பெட்டியைத் தொடும் என்றால் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு போட மறக்காதீர்கள்.

2. இரண்டு சோர்ஸையும் சேர்த்து பேட்டரி மைனஸுக்கு, இரண்டு டிரெயினையும் சேர்த்து கன்ட்ரோலர் மைனஸுக்கு. போர்டின் செம்புக் கோட்டை நம்பாதீர்கள், 35 மைக்ரான் கனத்துக்கு 20 ஆம்பியர் அதிகம். அதன் மேலேயே கெட்டிச் செம்புக் கம்பியை வைத்து ஈயத்தால் மூடுங்கள். வயர் வரும் தூரம் இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

3. 8.2 கிலோஓமையும் ஜீனரையும் கேட் புள்ளிக்கும் சோர்ஸுக்கும் நடுவே வையுங்கள். ஜீனரின் கோடு போட்ட பக்கம் கேட்டை நோக்கி. கேட் புள்ளியிலிருந்து ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனியாக 47 ஓம், இல்லாவிட்டால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றையொன்று சீண்டி அதிரும்.

4. 22 கிலோஓமை பிளஸ் வயரில் உள்ள ஃபியூஸுக்கு அடுத்தே, போர்டிலேயே பற்றவையுங்கள். அதிலிருந்து மெல்லிய வயர் ஹேண்டில்பாரில் உள்ள டாகிளுக்குப் போய், திரும்ப கேட் புள்ளிக்கு வரட்டும். வரிசையை மாற்றி டாகிளை முதலில் வைத்தாலும் சர்க்யூட் வேலை செய்யும். ஆனால் அந்த வயர் ஒருநாள் ஃபிரேமில் உரசித் தோல் உரியும். 22 கிலோஓம் முன்னால் இருந்தால் அப்போது ஓடுவது இரண்டரை மில்லிஆம்பியர்தான்.

5. டிவிஎஸ் டயோடின் கோடு டிரெயின் பக்கம், மறுமுனை சோர்ஸ். ஓடும்போது அணைத்தால் வயரின் இன்டக்டன்ஸ் ஒரு உதை கொடுக்கும். இந்த டயோடு அதை 92 வோல்ட்டுக்குள் பிடித்து வைக்கும், மாஸ்ஃபெட்டின் 100ஐத் தொட விடாது.

6. ப்ரீசார்ஜ் பட்டனும் சிமென்ட் ரெசிஸ்டரும் டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு. ரெசிஸ்டர் எந்த வயரின் தோலையும் தொடாமல் நிற்கட்டும்.

சைக்கிளில் மாட்டும் முன்

வண்டி ஸ்பேர்ஸ் கடையில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு நான்கு வாங்கித் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். 54.6ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்கு 13.65, மோட்டார் பைக்கில் அவை எரியும் அதே வோல்டேஜ். கன்ட்ரோலர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பல்பு வரிசையை வையுங்கள்.

டாகிள் ஆஃப் என்றால் பல்பு சுத்தமாக இருட்டாக இருக்க வேண்டும். ஆன் செய்தால் பளிச். எரியும்போது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அளந்தால் நாலைந்து மில்லிவோல்ட்தான் வர வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் உடனே அணையுங்கள், கேட்டுக்குப் போதிய வோல்டேஜ் வரவில்லை. பட்டனை மட்டும் அழுத்தினால் பல்பு லேசாக முனகும், அதுவும் சரிதான். இரண்டு நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள்.

என் முதல் போர்டில் 8.2 கிலோஓமின் ஒரு காலைப் பற்றவைக்க மறந்திருந்தேன். டாகிள் ஆஃப், ஆனால் பல்பு மங்கலாக எரிகிறது. கையை அருகில் கொண்டுபோனால் பிரகாசம் கூடுகிறது, எடுத்தால் குறைகிறது. பேய் பிடித்த மாதிரி! காற்றில் தொங்கும் கேட் அப்படித்தான், விரலின் மின்னூட்டமே அதைத் திறந்துவிடும். வேடிக்கை பார்த்துக்கொண்டே மாஸ்ஃபெட்டைத் தொட்டேன், விரல் நுனி வெந்தது.

பல்பு பாஸ் என்றால் சைக்கிளில் மாட்டுங்கள். கன்ட்ரோலரின் சாவி அல்லது டிஸ்பிளே பட்டன் ஆஃபில் இருக்கட்டும். ப்ரீசார்ஜ் பட்டனை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணும்வரை அழுத்துங்கள், விட்ட உடனே டாகிள், அதன் பிறகே சாவி. முதல் தடவை மட்டும் பட்டனை அழுத்தும்போது டிரெயின்-சோர்ஸ் வோல்டேஜைப் பாருங்கள். 54லிருந்து மளமளவென்று இறங்க வேண்டும். இறங்காமல் அங்கேயே நின்றால் கன்ட்ரோலர் பக்கம் ஷார்ட். விரலை எடுத்துவிடுங்கள், ரெசிஸ்டரில் 30 வாட் கொதித்துக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்துக்கு முன் போர்டை சிலிக்கானால் மூடலாம். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், செம்பைத் தின்றுவிடும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சுவிட்சால் முடியாதவை

மாஸ்ஃபெட்டுக்குள் சோர்ஸிலிருந்து டிரெயினுக்கு ஒரு டயோடு ஒளிந்திருக்கிறது. எனவே இந்தச் சுவிட்ச் பேட்டரியிலிருந்து வெளியே போவதைத்தான் தடுக்கும், உள்ளே வருவதைத் தடுக்காது. கியர் இல்லாத ஹப் மோட்டார் வைத்து நீண்ட இறக்கத்தில் வேகமாக உருண்டால், மோட்டார் ஜெனரேட்டராகி, சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பேட்டரிக்குள் தள்ளப் பார்க்கும். பிஎம்எஸ்ஸில் மாஸ்ஃபெட்டுகளை முதுகோடு முதுகு வைத்து இரண்டு வரிசையாகப் போடுவது இதற்காகத்தான். சார்ஜரும் இந்தச் சுவிட்ச் வழியாக வேண்டாம், பேட்டரியின் சொந்த சார்ஜிங் துளையிலேயே செருகுங்கள்.

இன்னொன்று. மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது ஆனிலேயே நின்றுவிடும். ஆகவே மோட்டார் வயரிலோ கன்ட்ரோலரிலோ கை வைக்கும் முன் டாகிளை நம்பாதீர்கள், கனெக்டரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கன்ட்ரோலரின் கெபாசிட்டர் சில நிமிடம் உயிரோடு இருக்கும்.

மாதம் ஒருமுறை, டாகிள் ஆஃபில் இருக்கும்போது சாவியைப் போட்டு டிஸ்பிளே பட்டனை அழுத்திப் பாருங்கள். எதுவும் எரியக்கூடாது. எரிந்தால் மாஸ்ஃபெட்டில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பக்கத்தில் நின்றதும் அடி வாங்கியிருக்கும்.